மத்தியாஸ் ஸாமர்: ஆட்டக்காரர், கோச், ஸ்போர்ட்டிங் டைரக்டர். இதுல எது பெரிய வேலை?

அல்சூர்_ஸ்வீப்பர் | ஞாயிறு, இரவு 9.10

இன்னிக்குக் காலைல ஃபுட்பால் பிராக்டிஸ் முடிஞ்சு பெங்களூரு கௌதமபுரத்துல பீலே சிலைக்குப் பக்கத்துல டீ குடிச்சிட்டு நின்னோம். நம்மகிட்ட வர்ற பையன் ஒருத்தன், பதினாலு வயசு, திடீர்னு கேட்டான்: "அண்ணா, ஸ்போர்ட்டிங் டைரக்டர்னா யாரு? கோச்சுக்கும் மேல இருக்கிற கோச்சா?"

"ஆமாடா"ன்னு சொல்லிட்டு நகர்ந்திருக்கலாம், மனசு வரல. பதவியை விளக்கறதை விட, அந்தப் பதவியில இருந்த ஒரு மனுஷனைச் சொன்னா புரியும்னு ஜெர்மன் ஃபுட்பால்காரர் மத்தியாஸ் ஸாமர் கதையை ஆரம்பிச்சேன். டீ ஆறிப்போச்சு, கதை முடியல. மிச்சத்தை இங்க எழுதறேன்.

1967-ல டிரெஸ்டன்ல பிறந்தவர். அப்போ அது கிழக்கு ஜெர்மனி. அப்பா கிளவுஸ் ஸாமர் டைனமோ டிரெஸ்டன் ஆட்டக்காரர், அப்புறம் அதே டீமுக்குக் கோச். மகன் 1985-ல சீனியர் டீமுக்குள்ள வந்தப்போ கோச்சா பெஞ்சுல உட்கார்ந்திருந்தது அப்பாதான். மறு வருஷம் மார்ச்ல ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை (கப் வின்னர்ஸ் கப்) காலிறுதி, மேற்கு ஜெர்மனி டீம் யூர்டிங்கன் கூட. முதல் ஆட்டம் 2-0 ஜெயிச்சாச்சு. ரெண்டாவது ஆட்டத்துல பாதி நேரத்துக்கு 3-1 முன்னாடி. அங்கிருந்து 7-3 தோத்தாங்க. அப்பாவுக்கு வேலை போச்சு. ஒரு கோச்சோட நாற்காலி எத்தனை நாளைக்குன்னு பதினெட்டு வயசுல தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தவர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1989, 1990 ரெண்டு வருஷமும் லீக் சாம்பியன். 1990 செப்டம்பர் 12, பிரஸ்ஸல்ஸ், பெல்ஜியத்துக்கு எதிரா கிழக்கு ஜெர்மனியோட கடைசி ஆட்டம். இன்னும் மூணே வாரத்துல அந்த நாடே இருக்கப் போறதில்ல. பெரிய ஆட்டக்காரங்க பலர் வரமாட்டோம்னுட்டாங்க, வந்து சேர்ந்தது பதினாலு பேர். ஸாமருக்கும் திரும்பிப் போயிடலாம்னு தோணியிருக்கு, ஆனா அன்னிக்கு ஃப்ளைட் இல்ல. சரின்னு கேப்டன் பட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கினார். 2-0 ஜெயிச்சாங்க. ரெண்டு கோலும் அவருது.

ஸ்டுட்கார்ட் டீமோட 1992 ஜெர்மன் லீக், இன்டர் மிலன்ல அரை சீசன், 1993 ஜனவரியில டார்ட்முண்ட். அங்க கோச் ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் அவரை நடுக்களத்துல இருந்து பின்னாடி இழுத்து லிபரோவா நிறுத்தினார். நம்ம ஊர்ல ஸ்வீப்பர்னு சொல்ற, டிஃபென்ஸுக்கும் பின்னாடி கடைசியா நிக்கற இடம். நாம பார்த்த ஸ்வீப்பர் வர்ற பந்தை எல்லாம் அடிச்சு வெளிய தள்ளுவார். ஸாமர் பந்தைக் காலோட வச்சுக்கிட்டு நடுக்களத்துக்குள்ள வந்துடுவார். இவரை யார் போய்ப் பிடிக்கறதுன்னு எதிர் டீம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறதுக்குள்ள பாஸ் போயிருக்கும். 1995, 1996 லீக். 1996 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) காலிறுதியில குரோஷியாவை ஜெயிக்க வச்ச கோல், அந்தத் தொடரோட சிறந்த ஆட்டக்காரர் பட்டம். அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருது ஓட்டுல ஸாமர் 144, பிரேசில் ரொனால்டோ 143. 1997 மே மாசம் யுவென்டஸை 3-1 ஜெயிச்சு, ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்.

அதே வருஷம் அக்டோபர்ல கடைசி ஆட்டம். முட்டி ஆபரேஷன், உள்ள கிருமித் தொற்று. முப்பது வயசுல ஆட்டம் முடிஞ்சுது.

இதுக்கு அப்புறம் அவர் செஞ்சதுதான் பெருசுன்னு நான் நினைக்கிறேன். 2002-ல கோச்சா லீக் ஜெயிச்சதைச் சொல்லல. 2006-லருந்து 2012 வரைக்கும் ஜெர்மன் கால்பந்து சம்மேளனத்துல ஸ்போர்ட்டிங் டைரக்டரா, அதாவது கோச்சுங்க மாறினாலும் எல்லா டீமும் எப்படி வளரணும்னு பார்த்துக்கறவரா இருந்து செஞ்சதைச் சொல்றேன். அதுவும் லிபரோ வேலைதான். எல்லாரோட முதுகும் தெரியற இடத்துல நிக்கற வேலை.

நீங்க என்ன சொல்றீங்க?


ஆஸ்டின்டவுன்_10 | ஞாயிறு, இரவு 9.48

மச்சி, ஆட்டக்காரரா அவர் யாருங்கிறதுல சண்டையே இல்ல. ஆனா கோச் வேலையை ஒரே வரியில தாண்டிப் போயிட்டியே, அது நியாயமா?

2000 ஏப்ரல்ல டார்ட்முண்ட் ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கற நிலைமை. வயசான உடோ லாட்டெக்கைக் கூட்டிட்டு வந்து, பக்கத்துல ஸாமரை உட்கார வச்சுக் காப்பாத்தினாங்க. அந்த ஜூலைல ஸாமரே கோச். ரெண்டு வருஷத்துல சாம்பியன். மூணு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது லெவர்குசன் 5 புள்ளி முன்னாடி இருந்தாங்க. அங்கிருந்து பிடிச்சார். ரொசிட்ஸ்கி, அமொரோசோ, கோலர்னு டீம். முப்பத்து நாலு வயசு. ஜெர்மனியோட முதல் டிவிஷன் புண்டஸ்லிகாவுல அவ்வளவு சின்ன வயசுல யாரும் கோச்சா ஜெயிச்சதில்ல அதுவரைக்கும்.

அதே 2002 மே மாசம் ஐரோப்பாவோட இன்னொரு கிளப் கோப்பையான யூஏஃபா கோப்பை ஃபைனல், எதிர் டீம் ஃபெயனூர்டோட சொந்த கிரவுண்டு ராட்டர்டாம்ல. 3-2 தோல்வி, அதுவும் பாதிக்கு மேல பத்து பேரை வச்சு ஆடி. ஜெயிச்சதும் தோத்ததும் எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்தது. பேர் சொல்லிக் கேள்வி கேட்கலாம்.

டைரக்டர் வேலையில அது எங்க இருக்கு? டீம் தோத்தா கோச்சுக்கு வேலை போகும். டைரக்டர் அடுத்த கோச்சைத் தேடப் போவார்.


பெல்லந்தூர்_பிரபு | ஞாயிறு, இரவு 10.35

எனக்கு இருவர் சொன்னதிலும் சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியின் இளைஞர் கால்பந்து ஸாமரால் எழுந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது.

2000 யூரோவில் ஜெர்மனி ஒரே ஒரு புள்ளியோடு குழுவில் கடைசியாக வந்து வெளியேறியது. அந்த அவமானத்தில்தான் எல்லாம் தொடங்கியது. புண்டஸ்லிகா கிளப்புகள் ஒவ்வொன்றும் சொந்தமாக அகாடமி நடத்தினால்தான் லைசென்ஸ் என்று விதி வந்தது. 2002-லிருந்து நாடு முழுக்க முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி மையங்கள். சின்ன ஊரில் சின்ன கிளப்பில் ஆடும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட வாரத்தில் ஒருநாள் சம்மேளனத்தின் கோச் கண்ணில் படவேண்டும் என்பதுதான் திட்டம். இது எல்லாம் நடந்தபோது ஸாமர் டார்ட்முண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

2009-ல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ ஃபைனலில் இங்கிலாந்தை 4-0 அடித்த டீமைப் பாருங்கள். நொயர், ஹூவெடெஸ் இருவரும் ஷால்க வளர்ப்பு. ஹும்மல்ஸ் பேயர்ன் அகாடமி, போவாடெங் ஹெர்த்தா, கெதிரா ஸ்டுட்கார்ட். அவர்களை வளர்த்தது கிளப்புகள். களத்தில் நடத்தியது கோச் ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ். ஸாமர் வந்தபோது பயிர் முக்கால்வாசி வளர்ந்திருந்தது.

அவர் மேல் மரியாதை இல்லாமல் சொல்லவில்லை. பேயர்ன் மியூனிக் ரசிகன் நான், அவர் அங்கே டைரக்டராக இருந்தபோது மூன்று கோப்பை வாங்கிய 2013-ஐ மறக்க முடியாது. ஆனால் யார் விதைத்தது, யார் அறுத்தது என்று பிரித்துச் சொல்லவேண்டும்.


அல்சூர்_ஸ்வீப்பர் | ஞாயிறு, இரவு 11.20

பிரபு சார், நீங்க சொன்னது அத்தனையும் சரி. விதைச்சது அவர் இல்ல. நானும் அப்படிச் சொல்லல.

விதைச்சதும் அறுக்கறதும் மட்டும்தான் விவசாயமா? நடுவுல ஆறு வருஷம் தண்ணி கட்டறது யாரு?

அவர் அந்த வேலைக்கு வந்ததே சண்டையிலதான். 2006 உலகக் கோப்பைக்கு நாலு மாசம் முன்னாடி, தேசிய டீம் கோச் கிளின்ஸ்மன் அந்தப் பதவிக்குக் கேட்டது ஹாக்கி கோச் பெர்ன்ஹார்ட் பீட்டர்ஸை. சம்மேளனம் ஸாமரைப் போட்டது. வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நடுவுல போய் உட்கார்ந்து, எல்லா வயசு டீமுக்கும் ஒரே ஆட்ட முறை, ஒரே பயிற்சிக் கொள்கைன்னு கொண்டு வந்தார். சின்னப் பசங்க டீம்னாலும் ஜெயிக்கத்தான் போறோம்னு நின்னார். 2008 ஜூலை 19 வயசு யூரோ, 2009 மே 17 வயசு யூரோ, 2009 ஜூன் 21 வயசு யூரோ. மூணு கோப்பையும் ஒரே நேரத்துல ஒரே நாட்டுக்கிட்ட இருந்தது அதுவரை நடந்ததே இல்ல. அந்த 17 வயசு டீம்ல மரியோ கொட்ஸ இருந்தான். அஞ்சு வருஷம் கழிச்சு மரக்கானாவுல 2014 உலகக் கோப்பை ஃபைனல்ல 113-வது நிமிஷம் ஜெயிக்க வச்ச கோல் அவன் போட்டதுதான்.

21 வயசு டீம்லருந்து நொயர், போவாடெங், ஹும்மல்ஸ், ஹூவெடெஸ், ஓசில் அஞ்சு பேர் அந்த ஃபைனல்ல முதல் பதினொண்ணுல. கெதிராவும் பேர் பட்டியல்ல இருந்தான், வார்ம்-அப்ல காயம். அதுக்குள்ள ஸாமர் சம்மேளனத்தை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்கிட்ட நடந்த ஒண்ணு. ஊர் பேர், கிளப் பேர் வேண்டாம். நான் உதவி கோச்சா இருந்த ஒரு இடத்துல நாலு வருஷத்துல மூணு தலைமை கோச். ஒவ்வொருத்தரும் நல்லவங்கதான், உழைப்பாளிங்கதான். ஒவ்வொருத்தரும் வந்த முதல் நாள் பசங்களை வரிசையா நிக்க வச்சு, "நீ என்ன பொசிஷன்?"னு ஆரம்பிப்பாங்க. முன்னாடி இருந்தவர் எழுதி வச்சது ஒரு வரி கிடையாது.

அதுல ஒரு பையன், பதிமூணு வயசு, ஸ்டாப்பர். முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சிருக்கும், தொட்டா துடிப்பான். ரெண்டாவது கோச்சுக்கு அது தெரியும், குறைவா ஓட விடுவார். அவர் போனார். மூணாவதா வந்தவருக்கு யாரும் சொல்லல. நான் அப்போ லீவுல ஊருக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்ல காலைல ஒரு மேட்ச், மத்தியானம் ஒரு மேட்ச், ரெண்டும் முழுசா ஆடினான். பையன் வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லல, சொன்னா டீம்ல எடுக்க மாட்டாங்கன்னு பயம். ரெண்டாவது மேட்ச் முடிஞ்சு சாயங்காலம் வீட்டுப் படிக்கட்டை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினானாம். அவங்க அம்மா போன்ல சொன்னாங்க. எட்டு மாசம் பந்து தொடல. அப்புறம் அவன் திரும்பி வரவே இல்ல.

கோச் மேல எனக்குக் கோபம் இல்ல. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய ஒரு ஆள் அந்த இடத்துல இல்ல. அந்த ஆள்தான் நான் சொல்ற டைரக்டர்.


ஜெயநகர்_விங் | திங்கள், காலை 7.05

படிச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் இப்போ எப்படி இருக்கான்?


அல்சூர்_ஸ்வீப்பர் | திங்கள், காலை 7.31

காலேஜ் படிக்கறான். நடக்கறதுல ஒரு குறையும் இல்ல. ரோட்டுல பார்த்தா "சார்"னு நின்னு பேசுவான். ஃபுட்பால் பேச்சு எடுக்கமாட்டான், நானும் எடுக்கறதில்ல.


மர்ஃபிடவுன்_பிசியோ | திங்கள், மதியம் 1.40

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். என்கிட்ட வர்றதுல பாதிப் பேர் இந்த வயசுப் பசங்கதான், அதனால சொல்றேன். பார்க்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க சொன்ன அடையாளம் ஆஸ்குட் ஷ்லாட்டர்னு சொல்றதுக்குப் பொருந்துது.

பன்னண்டுலருந்து பதினஞ்சு வயசுக்குள்ள பையன் திடீர்னு உயருவான். எலும்பு வேகமா வளரும், தொடைத் தசையும் அதோட தசைநாணும் அந்த வேகத்துக்கு நீளாது. ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் குதிக்கும்போதும் முட்டிச் சில்லுக்குக் கீழ அந்தத் தசைநாண் ஒட்டியிருக்கிற இடத்தைப் பிடிச்சு இழுக்கும். அங்க எலும்பு இன்னும் முத்தல. அதான் புடைப்பு, வலி. பெரும்பாலும் வளர்ச்சி நின்னதும் தானா சரியாகும். விளையாட்டையே நிறுத்தணும்னு இல்ல. ஓட்டத்தைக் குறைச்சு, தொடைக்குப் பயிற்சி குடுத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவெளி விட்டாப் போதும். ஒரே நாள்ல ரெண்டு முழு மேட்ச்ங்கிறதுதான் ஆகாதது. இதுல இப்போ சாயங்காலம் டர்ஃப் புக் பண்ணி பெரியவங்களோட வேற ஆடறாங்க, அதைக் கணக்குல சேர்க்கறதே இல்ல யாரும்.

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை உயரம் அளந்து எழுதினா இந்த வளர்ச்சி வர்றது முன்னாடியே தெரியும். சுவர், பென்சில், டேப். அவ்வளவுதான் செலவு. ஆனா அந்தக் காகிதம் கோச் மாறினாலும் பையன் கூடவே போகணும். அதைப் பிடிச்சு வச்சுக்க ஒரு ஆள் வேணும்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

ஸாமரைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது. முட்டியால முப்பது வயசுல ஆட்டத்தை விட்ட மனுஷன் பசங்க டீமைப் பார்த்துக்கற வேலைக்குப் போனது எனக்குப் பெருசாப் படுது.


ஆஸ்டின்டவுன்_10 | திங்கள், மாலை 6.15

அக்கா சொன்னதை எங்க குரூப்ல போட்டுட்டேன். அளக்கறது நாளைக்கே தொடங்கறோம்.

மச்சி, அந்தப் பையன் விஷயம் தெரியாம நேத்து எழுதிட்டேன். ஆனாலும் என் கேள்வியை நான் வாபஸ் வாங்கல. நீ சொல்றது ஒரு நல்ல மேனேஜர் செய்யற வேலை. அதுக்கு பாலன் டோர் வாங்கினவர் எதுக்கு? ஸாமர் கோச் வேலையைத் தொடர்ந்திருந்தா இன்னும் பெரிய ஆளாயிருப்பார்னு நான் நினைக்கிறேன். 2003-ல ப்ரூகா கிட்ட பெனால்டியில தோத்து சாம்பியன்ஸ் லீக் போச்சு. அந்தக் காசை நம்பி இருந்த கிளப் கடன்ல முழுகிச்சு, 2005-ல திவால் விளிம்புக்கே போச்சு. அந்தப் பாரம் கோச் தலையிலயும் விழுந்துது. அப்புறம் ஸ்டுட்கார்ட்ல ஒரு வருஷம், அஞ்சாவது இடம், அனுப்பிட்டாங்க. முப்பத்தெட்டு வயசு கூட ஆகல. அதோட கோச் வேலையை விட்டவர் திரும்பி வரவே இல்லையே. ஏன்?


அல்சூர்_ஸ்வீப்பர் | திங்கள், இரவு 8.50

நேத்து ஞாபகம் வச்சுக்கோன்னு சொன்னேனே, 7-3. அப்பா நாற்காலி ஒரே பாதியில போனதைப் பார்த்தவர் தன் நாற்காலியும் போறதைப் பார்த்தார். அவர் மனசுல என்ன இருந்துதுன்னு நான் சொல்ல முடியாது, என் ஊகம்தான் இது. அடுத்த சனிக்கிழமைக்கு மட்டும் வேலை செய்யறதுல அவருக்கு நம்பிக்கை போயிருக்கணும்.

இன்னொண்ணும் இருக்கு. அவர் வளர்ந்தது கிழக்கு ஜெர்மனி விளையாட்டுப் பள்ளி முறையில. சின்ன வயசுலயே பொறுக்கி எடுத்து, வருஷா வருஷம் அளந்து, எழுதி, மேல அனுப்பற முறை. அந்த நாட்டோட விளையாட்டுல ஊக்கமருந்து மாதிரி நடந்த கொடுமைகளை யாரும் நியாயப்படுத்த முடியாது, நானும் செய்யல. ஆனா ஒரு பிள்ளையோட வளர்ச்சியை ஒரு கை விட்டு இன்னொரு கை வாங்கறப்போ கீழ விழாம பார்த்துக்கற ஒழுங்கு அங்க இருந்துது. அதை ஒன்றுபட்ட ஜெர்மனிக்குள்ள கொண்டு வரணும்னு பேசின ஆள் ஸாமர். 1990 டிசம்பர்ல சேர்ந்த ஜெர்மனி டீம்ல இறங்கின முதல் கிழக்கு ஆட்டக்காரரும் அவர்தான். ரெண்டு பக்கத்தையும் காலால ஆடிப் பார்த்தவர்.


பெல்லந்தூர்_பிரபு | திங்கள், இரவு 9.40

"தண்ணி கட்டறது யாரு" என்ற கேள்விக்கு நேற்றிலிருந்து பதில் தேடுகிறேன். பேயர்ன் காலத்தை வைத்து யோசித்தால் நீங்கள் சொல்வது கொஞ்சம் புரிகிறது.

2012 மே மாதம். லீக்கில் இரண்டாவது. ஜெர்மன் கோப்பை ஃபைனலில் டார்ட்முண்டிடம் 5-2. ஒரு வாரம் கழித்து சொந்த மைதானத்தில் செல்சியிடம் பெனால்டியில் சாம்பியன்ஸ் லீக் போயிற்று. அந்த ராத்திரி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலையில் ஸாமர் ஸ்போர்ட்டிங் டைரக்டராக வந்தார். டீமில் ஏற்கெனவே லாம், ஷ்வைன்ஸ்டைகர், ராபென், ரிபெரி. ஹாவி மார்ட்டினெஸ், மான்சூகிச், தாந்தெ புதிதாக வந்தார்கள். கோச் ஹைன்கெஸ் அதே ஆள். ஆட்டக்காரர்கள் பலரும் அதே ஆட்கள்.

செப்டம்பர் கடைசியில் பிரெமனில் 2-0 ஜெயித்தார்கள். சீசனில் ஒரு புள்ளிகூட இழக்காத நேரம். ஸாமர் கேமரா முன்னால் நின்று, ஆட்டம் மந்தமாக இருந்தது, இது போதாது என்றார். ஹைன்கெஸுக்குப் பிடிக்கவில்லை, தலைவர் ஹோனெஸும் மிகையாகப் பேசிவிட்டார் என்றார். எனக்கும் அன்று கோபம்தான். ஜெயிக்கும்போது எதற்கு இந்தப் பேச்சு?

மே மாதம் வந்தபோது 91 புள்ளிகள், இரண்டாவது டார்ட்முண்டைவிட 25 அதிகம், சீசன் முழுக்க வாங்கிய கோல் 18. வெம்பிளியில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் 89-வது நிமிடம் ராபென் போட்ட கோல். பிறகு ஜெர்மன் கோப்பை. மூன்றும் ஒரே வருடம், ஜெர்மன் ஆண்கள் கிளப் எதுவும் அதற்கு முன் செய்யாதது.

இதையெல்லாம் அவர் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஹைன்கெஸ் செய்தார், ஆட்டக்காரர்கள் செய்தார்கள். ஆனால் முந்தைய மே மாதத்தை அந்த டீம் மறந்துவிடக்கூடாது என்பதற்காக ஒருவர் எல்லோர் கோபத்தையும் வாங்கிக்கொண்டு அங்கே நின்றார். கோச் அதைச் சொன்னால் ஆட்டக்காரர்களோடு உறவு கெடும். தலைவர் சொன்னால் மிரட்டல் ஆகும். களத்தில் ஆடி, தோற்று, பெஞ்சில் வேலை இழந்த ஒருவர் சொன்னால்தான் காது கொடுப்பார்கள். ஆஸ்டின்டவுன் நண்பரே, பாலன் டோர் வாங்கியவர் எதற்கு என்று கேட்டீர்கள், இதற்காக இருக்கலாம்.

2016 வசந்தத்தில் மூளையில் சின்ன ரத்த ஓட்டக் கோளாறு. உடல் தேறியும், அந்த ஜூலையில் பதவியை விட்டுவிட்டார். அவருக்குப் பின் ஒரு வருடம் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. 2018-ல் டார்ட்முண்டுக்கு வெளியிலிருந்து ஆலோசகராகத் திரும்பினார்.

விதைத்தது அவரில்லை என்ற என் கருத்து மாறவில்லை.


கேஜிஎஃப்_கீப்பர் | திங்கள், இரவு 11.55

தம்பிங்களா, நான் பொதுவா படிக்கறதோட சரி. இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு.

நான் கோலார் தங்கவயல்காரன். மாரிக்குப்பத்துல விடியறதுக்கு முன்னாடி ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போன ஆயிரம் பேர்ல ஒருத்தன். கீப்பர் கையுறை டிஃபன் பாக்ஸோட ஒரே பையில இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல மாவட்ட லீக்ல கோல் போஸ்ட்ல நின்னேன்.

இந்த ஊர் கால்பந்து சின்னதில்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பிரான்ஸுக்கு எதிரா இந்தியா போட்ட ஒரே கோல் பெங்களூரு சாரங்கபாணி ராமன் போட்டது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்துல நம்ம அருமைநாயகம் இருந்தார். கல்கத்தா கிளப்புங்க இங்க வந்து ஆள் எடுத்துட்டுப் போன காலம். அவங்க எல்லாம் எப்படி வளர்ந்தாங்க, யார் கத்துக் குடுத்தா, என்ன தப்பைத் திருத்தினாங்கன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கா? நான் தேடினவரைக்கும் பெரியவங்க வாய்ப்பேச்சுலதான் இருந்துது.

எனக்குப் பதினாறு வயசுல ஒரு கோச் இருந்தார். சுரங்கத்துல வேலை, ஷிஃப்ட் முடிஞ்சு நேரா கிரவுண்டுக்கு வருவார். சட்டைப்பையில நாற்பது பக்க நோட்டு ஒண்ணு மடிச்சு வச்சிருப்பார். எல்லார் பேரும் அதுல உண்டு. ஒரு நாள் எனக்குக் காட்டினார். என் பேருக்கு நேரா பென்சில்ல எழுதியிருந்தது: "இடது பக்கம் விழ பயம். பொங்கலுக்குள்ள சரி பண்ணணும்."

உண்மை. சின்ன வயசுல இடது தோள் இறங்கியிருந்தது. வீட்டுல கூட முழுசா சொல்லல. அவர் நான் விழற விதத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருக்கார். மணல் கொட்டி, உட்கார்ந்த இடத்துலருந்து விழ வச்சு, அப்புறம் முட்டி போட்டு, இப்படி ஒரு மாசம் போச்சு. பொங்கலுக்கு முன்னாடியே சுரங்கத்துல நெஞ்சு நோவு வந்து அவர் வேலையை விட்டு ஊருக்குப் போயிட்டார்.

அடுத்து வந்த கோச் எனக்கு நல்லது நிறைய செஞ்சார். ஆனா ஒரு தடவை கூட என்னை இடது பக்கம் விழ வைக்கல. அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல. எல்லா டீமும் வலது பக்கமே அடிக்குமா? எனக்கு இருபத்து நாலு வயசுல ஒரு செமிஃபைனல். கடைசி நிமிஷம், பந்து தரையோட இடது மூலைக்கு வந்துது. கை போயிருக்க வேண்டிய தூரம்தான். உடம்பு போகல. அந்தப் பந்து கோடு தாண்டிப் போனது இன்னும் கண்ணுல இருக்கு.

அந்த ஜெர்மன்காரர் செஞ்சது பெருசா சின்னதான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு கோச் எழுதின வரியை அடுத்த கோச் படிக்கற மாதிரி ஒருத்தர் ஏற்பாடு பண்ணினார்னா, அவருக்கு நான் கை எடுத்துக் கும்பிடுவேன்.


ஆஸ்டின்டவுன்_10 | செவ்வாய், காலை 6.20

அண்ணே.

இதுக்கு மேல எனக்கு வாதம் இல்ல. அந்த நோட்டு இப்போ எங்க இருக்கு?


கேஜிஎஃப்_கீப்பர் | செவ்வாய், காலை 8.02

எங்கிட்டதான் தம்பி. அவர் காலமானதுக்கு அப்புறம் அவர் சம்சாரம் கூப்பிட்டுக் குடுத்தாங்க. பதினெட்டுப் பசங்க பேர் இருக்கு. ஒவ்வொருத்தனுக்கும் எந்தக் கால், எது பயம், வீட்டுல சாப்பிட்டு வர்றானா இல்லையான்னு கூட எழுதியிருக்கார். எழுத்து மங்கிட்டு வருது.


அல்சூர்_ஸ்வீப்பர் | செவ்வாய், காலை 8.15

அண்ணே, அந்த நோட்டுல என்னென்ன கட்டம் போட்டிருக்கார்னு எனக்குப் பார்க்கணும். அதே மாதிரி நம்ம பசங்களுக்கு ஒண்ணு போடலாம். பிசியோ அக்கா சொன்ன உயரக் கணக்கையும் அதுல சேர்த்துடலாம். பையன் எந்த கிளப்புக்குப் போனாலும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கையில குடுத்து அனுப்பணும்.


மர்ஃபிடவுன்_பிசியோ | செவ்வாய், காலை 10.30

டேப் நான் கொண்டு வர்றேன். எந்தப் பையன் எந்த டர்ஃப்ல, வாரத்துல எத்தனை நாள் ஆடறான்னும் ஒரு கட்டம் வேணும். மறந்துடாதீங்க.


பெல்லந்தூர்_பிரபு | செவ்வாய், காலை 11.10

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து தருகிறேன், ஐயா. எழுத்து மங்குவதற்குள் செய்துவிடவேண்டும். வீட்டில் ஸ்கேனர் இருக்கிறது, நோட்டு என் கையைவிட்டு எங்கேயும் போகாது.


கேஜிஎஃப்_கீப்பர் | செவ்வாய், மதியம் 12.45

சனிக்கிழமை காலை ரயில்ல வர்றேன். கன்டோன்மென்ட்ல இறங்கிக்கிறேன்.


அல்சூர்_ஸ்வீப்பர் | செவ்வாய், மதியம் 12.52

ஸ்டேஷன் வாசல்ல வண்டியோட நிக்கறேன் அண்ணே. நம்மகிட்ட ஒரு கீப்பர் பையன் இருக்கான், பன்னண்டு வயசு. அவனும் ஒரு பக்கம்தான் விழறான். நீங்க பார்த்துச் சொல்லணும்.


ஆஸ்டின்டவுன்_10 | செவ்வாய், மதியம் 1.05

பந்து போட நான் வர்றேன். முதல்ல கையால உருட்டி விடறேன், அப்புறம் காலால. மணல் ரெண்டு மூட்டை எங்க வீட்டு மாடி வேலையில மிச்சம் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.